முன்னணையைக் காட்டிய ஆச்சி

சென்ற டிசம்பர் மாதத் தொடக்கத்தில், எங்கள் பிரிவுக்கு வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்துகொள்ள வரும் மூதாட்டி ஒருவர் ஒரு வேண்டுகோளோடு வந்தார். அவருடைய முறை செவ்வாய், வியாழன், சனி. கிறிஸ்துமஸ் அவ்வாண்டு வியாழக்கிழமை. "அன்னைக்கு ஒருநாள் மட்டும் வராம இருந்துக்கிடட்டுமா டாக்டர்?" என்றார்.

முதலில் நாங்கள் கடிந்துகொண்டோம். ஒரு முறை தவறினாலும் உடலில் நீரும் பொட்டாசியமும் மிகுந்து, மூச்சுத்திணறலோ இதயத் துடிப்பில் ஆபத்தான மாறுதலோ நேரலாம். இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகே, காரணம் என்னவென்று கேட்கத் தோன்றியது.

சென்னையில் வளரும் ஏழு வயதுப் பேரன், "இயேசுவுக்குத்தானே பிறந்தநாள், எனக்கு ஏன் பரிசு தர்றாங்க?" என்று தொலைபேசியில் கேட்டிருக்கிறான். "அதுக்குப் பதில் போன்ல சொல்ல முடியாது. அடுத்த வருஷம் நான் இருப்பேனோ என்னமோ" என்றார். அவருடைய இதயத்தின் நிலையை நாங்கள் அறிவோம். மறுத்துப் பேச வாய் வரவில்லை.

வியாழக்கிழமை முறையை 24-ஆம் தேதி விடியற்காலைக்கு மாற்றினோம். இரவுப் பணியிலிருந்த செவிலியரே ஊசியேற்றித் தொடங்கிவைத்தார். நான்கு மணி நேரத்தில் முடிந்தது. பண்டிகைக்காகச் சிகிச்சையைத் தவிர்க்க எண்ணுவோர், தவிர்ப்பதற்கு முன் எங்களைக் கேளுங்கள். ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் பெரும்பாலும் வழி பிறக்கும். சளியோ காய்ச்சலோ உள்ள குழந்தைகளைச் சில நாள் தள்ளியே வைத்திருங்கள். உலர்ந்த பழங்களில் பொட்டாசியம் மிகுதி. பிளம் கேக் ஒரு விள்ளலோடு நிற்கட்டும்.

சனிக்கிழமை வந்தவர், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, நடந்ததைச் சொன்னார். பேரனோடு அமர்ந்து குடில் அமைத்திருக்கிறார். 1223-இல் இத்தாலியின் கிரெச்சோ என்னும் சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு பிறப்பின் காட்சியை அமைத்தார் என்பது வரலாறு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கண்ணால் கண்டு உணரத்தக்க வழி அது. குழந்தை பொம்மையை மட்டும் ஆச்சி வைக்கவில்லை. பிள்ளையை எங்கே படுக்கவைப்பது என்று பேரன் கேட்க, "முன்னணையில" என்றிருக்கிறார். அந்தச் சொல் அவனுக்கு விளங்கவில்லை. அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு எப்படி விளங்கும்?

அவனைப் பக்கத்து வீட்டுத் தொழுவத்துக்கு அழைத்துச் சென்று, மாடு தின்னும் தொட்டியைக் காட்டினார். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இதுலயா படுக்க வச்சாங்க?" என்றானாம். "ஆமா, சத்திரத்துல இடம் கிடைக்கல. பெரிய அரண்மனையில பொறந்திருந்தா நாம உள்ள போக முடியுமா? யாரும் பயப்படாம கிட்ட வரணும்னுதான் கடவுள் இப்படி வந்தாரு. அவரையே நமக்குப் பரிசாக் குடுத்தாரு. அதை நெனச்சுதான் நாம ஒருத்தருக்கொருத்தர் குடுக்கிறோம்" என்றார் ஆச்சி.

செய்தி முதலில் மேய்ப்பர்களுக்குத்தான் வந்தது என்பதையும் சொல்லியிருக்கிறார். லூக்கா எழுதியபடி அவர்கள் இராக்காலத்தில் மந்தையைக் காத்தவர்கள். இரவுப் பணியாளர்கள் என்றே சொல்லலாம். எங்கள் செவிலியர்களுக்கு இந்தப் பகுதி மிகவும் பிடித்துப்போயிற்று.

அன்றிரவு படுக்கையில், "ஆச்சி, நீங்க செத்துப் போயிருவீங்களா?" என்று பேரன் கேட்டான். பொய் சொல்ல அவருக்கு மனமில்லை. "என்னைக்காவது ஒருநாள் போவேன். ஆனா அவருக்கு இம்மானுவேல்னு ஒரு பேரு உண்டு. கடவுள் நம்மகூட இருக்காருன்னு அர்த்தம். நான் போற எடத்துலயும் இருப்பாரு, நீ இருக்கிற எடத்துலயும் இருப்பாரு" என்றார்.

அதுவரை டயாலிசிஸ் ஊசி போடும் கையைக் கண்டாலே அவன் விலகி அமர்வானாம். அன்று மெல்ல விரலை வைத்துப் பார்த்தான். இரத்தக்குழாய்களை இணைத்த இடத்தில் தோலுக்கடியில் எப்போதும் ஓர் அதிர்வு ஓடிக்கொண்டிருக்கும். "உள்ளே தேனீ இருக்கு ஆச்சி" என்றவன், கையை எடுக்காமலே உறங்கிப்போனானாம்.

எடையைப் பார்த்தோம்; அளவுக்குள்தான் இருந்தது. கேக்கைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை.