சூலூர் வானத்தில் பறப்பது ஃபைட்டரா, பாம்பரா? இந்தியாவிடம் குண்டுவீச்சு விமானம் ஏன் இல்லை?

பல்லடத்திலிருந்து கோவை போகும் சாலை. காரணம்பேட்டையைத் தாண்டி டூவீலரில் போகும்போது தலைக்கு மேல் இடி இடித்த மாதிரி ஒரு சத்தம். அண்ணாந்து பார்ப்பதற்குள் விமானம் புள்ளியாகிவிடும். சூலூர் விமானப்படைத் தளத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம்.

ஆனால் 2025-ல் நடந்த சம்பவங்களுக்குப் பிறகு, பனியன் கம்பெனி டீ டைமில்கூட விமானப் பேச்சுதான். "ஏனுங்க, அமெரிக்காகாரன் பெருசா ஒரு பாம்பர் வெச்சிருக்கானே, நம்மகிட்ட அப்படி ஒண்ணு இல்லீங்களா?" நியாயமான கேள்வி. பதில் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. சூலூரிலிருந்தே தொடங்கலாம்.

ஓவர்லாக்கும் பேட்லாக்கும்

திருப்பூர்க்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ஓவர்லாக் மெஷின் ஒரு வேலை, பேட்லாக் மெஷின் வேறு வேலை. இரண்டும் தையல் மெஷின்தான். ஆனால் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. அந்தக் கால விமானப்படைகளும் அப்படித்தான் இருந்தன. எதிரி விமானத்தை வானத்திலேயே மடக்க ஃபைட்டர் என்கிற போர் விமானம். நிறைய குண்டுகளைச் சுமந்து வெகுதூரம் போய்ப் போட்டுவிட்டு வர பாம்பர் என்கிற குண்டுவீச்சு விமானம். முதலாவது சிறியது, வேகமாகத் திரும்பும். இரண்டாவது பெரியது, அதிகம் சுமக்கும், ஆனால் சண்டை போடத் தெரியாது.

இந்தியாவிடமும் பாம்பர் இருந்தது. 1957-ல் பிரிட்டனிடமிருந்து வாங்க முடிவு செய்யப்பட்ட கேன்பெரா விமானங்கள்தான் அவை. 1961 டிசம்பரில் கோவா விடுதலை நடவடிக்கையின்போது 12 கேன்பெராக்கள் டபோலிம் ஓடுதளத்தின் மீது குண்டு வீசின. 1965, 1971 போர்களிலும் அவை பறந்தன. கார்கில் சமயத்தில் உளவுப் படம் எடுக்கப் போன ஒரு கேன்பெரா, ஏவுகணையால் தாக்கப்பட்டும் பத்திரமாகத் திரும்பியது. 2007 மே மாதம் அவற்றுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அந்த இடத்தில் வேறு பாம்பர் வரவில்லை.

ஏன் வரவில்லை?

இரண்டு வேலையையும் ஒரே விமானம் செய்யத் தொடங்கிவிட்டதுதான் காரணம். 1999-ல் டைகர் ஹில் மீது லேசர் வழிகாட்டும் குண்டைப் போட்டதும், 2019-ல் பாலகோட் தாக்குதலுக்குப் போனதும் மிராஜ் 2000 விமானங்கள். இவை பாம்பர் அல்ல, ஃபைட்டர்.

நம் தஞ்சாவூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜனவரியில் அங்கு தொடங்கப்பட்ட 222-வது ஸ்குவாட்ரனின் சுகோய் 30 விமானங்கள், தலா இரண்டரை டன் எடையுள்ள பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்கக்கூடியவை. இலக்கின் தலைக்கு மேல் போகத் தேவையில்லை. சில நூறு கிலோமீட்டர் தள்ளி நின்றே ஏவிவிட்டுத் திரும்பலாம். முன்பு பல டன் குண்டுகளைக் கொட்டி முடித்த வேலையைக் குறி தப்பாத ஓர் ஏவுகணை முடித்துவிடுகிறது.

அப்படியானால் பாம்பர் வீணா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. 2025 ஜூனில் இரானின் அணு நிலையங்களைத் தாக்க அமெரிக்கா 7 பி-2 பாம்பர்களை அனுப்பியது. அவை போட்ட 14 குண்டுகள், ஒவ்வொன்றும் 13 டன்னுக்கு மேல். சூலூரில் நிற்கும் தேஜஸ் விமானத்தின் மொத்தச் சுமையே சுமார் 4 டன்தான். மலைக்கு அடியில் புதைந்திருக்கும் இலக்கை உடைக்க அந்த எடை தேவை. அதைத் தூக்க ஃபைட்டரால் முடியாது.

ஆனால் விலை? பி-2 தயாரிப்புச் செலவு, ஆராய்ச்சியையும் சேர்த்தால் ஒன்றுக்கு 200 கோடி டாலருக்கு மேல். பணக்கார அமெரிக்காவே 21 விமானங்களோடு நிறுத்திக்கொண்டது. அன்றைய தாக்குதலிலும் பி-2 தனியாகப் போகவில்லை. பாதுகாப்புக்கு ஃபைட்டர்கள், நடுவானில் எரிபொருள் நிரப்ப டேங்கர்கள் என 125-க்கும் மேற்பட்ட விமானங்கள் அதில் பங்கேற்றன. அதே மாதத்தின் முதல் நாளில், தரையில் நின்றிருந்த ரஷ்ய பாம்பர்களை உக்ரைன் சின்னச் சின்ன ட்ரோன்களால் எரித்ததையும் உலகம் பார்த்தது. இன்றைக்கு இந்த வகைப் பெரிய பாம்பர்களை வைத்திருப்பது அமெரிக்கா, ரஷ்யா, சீனா என மூன்றே நாடுகள்.

நம் கவலை வேறு

இந்தியாவின் உண்மையான பிரச்னை பாம்பர் இல்லாதது அல்ல, ஃபைட்டர்களே போதாதது. நமக்கு அனுமதிக்கப்பட்டவை 42 ஸ்குவாட்ரன்கள். 2025 செப்டம்பர் 26-ல் மிக்-21 விடைபெற்றபோது கையில் மிஞ்சியவை 29. ஒரு ஸ்குவாட்ரனுக்குச் சுமார் 16 முதல் 18 விமானங்கள்.

இந்தக் குறையை நிரப்ப வேண்டியது தேஜஸ்தான். அதை முதலில் பெற்ற 45-வது ஸ்குவாட்ரனும், 2020 மே மாதம் அடுத்துப் பெற்ற 18-வது ஸ்குவாட்ரனும் சூலூரில்தான் நிலைகொண்டன. மேம்படுத்தப்பட்ட தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களில் 83-க்கு 2021-லும், மேலும் 97-க்கு 2025-லும் ஒப்பந்தம் போடப்பட்டது. ஆனால் 2024-ல் தொடங்க வேண்டிய சப்ளை தள்ளிப்போனது. அமெரிக்காவிலிருந்து இன்ஜின் வரத் தாமதமானது முக்கியக் காரணம். நூல் வராவிட்டால் நிட்டிங் மெஷின் நிற்கும் என்பது திருப்பூருக்குத் தெரியாததா?

இதற்குள் ஒரு துயரமும் நடந்தது. 2025 நவம்பர் 21-ல் துபாய் விமானக் கண்காட்சியில் சாகசம் செய்த தேஜஸ் கீழே விழுந்து நொறுங்கியது. அதை ஓட்டிய விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். அவருடைய உடல் வந்து இறங்கியது இதே சூலூரில்.

எது பெரிய விமானம், யாரிடம் அதிக குண்டு என்று டீக்கடையில் நாம் பேசுவது தப்பில்லை. வரிப்பணம் நம்முடையது, கேள்வி கேட்கும் உரிமையும் நம்முடையது. ஆனால் ஃபைட்டரோ பாம்பரோ, உள்ளே உட்கார்ந்திருப்பது ஒரு வீட்டுப் பிள்ளை. அடுத்த முறை காரணம்பேட்டை பக்கம் அந்தச் சத்தம் கேட்டால், பத்திரமாகத் திரும்பி வரட்டும் என்று ஒரு நொடி நினைத்துக்கொள்வோம்.