பழைய வீடுகளும் மின்கம்பிகளும்

நம் முன்னோர் கட்டிய வீடுகளின் தூண்களும் உத்தரங்களும் நூறாண்டு கடந்தும் உறுதி குன்றாது நிற்றலைக் கண்டு நாம் பெருமை கொள்கின்றோம். அவ்வீட்டுச் சுவர்களின்மேல் ஓடும் மின்கம்பிகளும் அத்தூண்களைப் போலவே நெடுங்காலம் நிலைக்கும் என்று எண்ணியும் விடுகின்றோம். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதையும், அதனால் விளையும் கேடு யாது, அதனைத் தவிர்க்கும் வழி யாது என்பவற்றையும் எளிய முறையில் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1932ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையமும், 1944ஆம் ஆண்டில் பாபநாசம் நிலையமும் இயங்கத் தொடங்கிய பின்னர், மின்சாரம் பெருநகரங்களைக் கடந்து நம் சிற்றூர்களுக்கும் மெல்ல மெல்லப் பரவலாயிற்று. தாமிரபரணிக் கரையிலுள்ள என் பாட்டனார் வீட்டிற்கு அது 1952ஆம் ஆண்டில் வந்தது. அன்று அவ்வீட்டிற்கு வேண்டியிருந்தவை 60 வாட்டு விளக்குகள் ஆறும் மின்விசிறிகள் இரண்டுமே. தேக்கஞ்சட்டங்களைச் சுவரில் அறைந்து, அவற்றின்மீது ரப்பர் உறையிட்ட செப்புக் கம்பிகளைத் தகட்டுக் கவ்விகளாற் பிணைத்து, வேலையாளர் அழகுற முடித்துச் சென்றனராம். அந்நாளைத் தேவைக்கு அது குறையற்ற வேலையே.

செம்பு எளிதில் மூப்படைவதில்லை; மூப்படைவது அதன்மேலுள்ள உறையே. கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சி ரப்பரைப் பதப்படுத்தும் முறையைச் சார்லஸ் குட்இயர் என்பார் 1839ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். அவ்வாறு பதப்படுத்திய ரப்பரும், காற்றிலுள்ள பிராணவாயுவாலும் வெம்மையாலும் நாளடைவில் நெகிழ்ச்சி இழந்து, விறைத்து, வெடிப்புற்று, தொட்ட அளவிற் பொடியாய் உதிரும். சட்டத்தின்மீது அசையாது கிடக்கும் வரையில் அதன் நிலை கண்ணுக்குப் புலப்படாது. சுவரில் மழைநீர் ஊறினாலும், எலி கடித்தாலும், சட்டத்தைக் கறையான் அரித்தாலும் கேடு மேலும் விரையும். செம்பு அரிதாயிருந்த காலத்தில், 1960, 1970ஆம் ஆண்டுகளையொட்டி எழுந்த வீடுகள் பலவற்றில் அலுமினியக் கம்பிகள் இடப்பட்டன. அலுமினியம் செம்பினும் மிகுதியாக விரிந்து சுருங்கும். அதன் மேற்பரப்பில் மின்சாரத்தைத் தடுக்கும் மெல்லிய படலமும் படியும். ஆதலின், திருகாணியால் இறுக்கிய இணைப்புகள் காலப்போக்கில் தளர்ந்து அவ்விடங்கள் சூடேறும்.

நிற்க. கம்பி இவ்வாறு மெலிந்துவர, நாம் அதன்மேல் ஏற்றும் சுமையோ நாளுக்குநாள் பெருகி வருகின்றது. இதனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஆறு விளக்குகளும் இரண்டு விசிறிகளும் சேர்ந்து ஏறக்குறைய 510 வாட்டு ஆகும். நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட்டு. ஆகவே அன்று தலைக்கம்பியில் ஓடியது 2 ஆம்பியருக்குச் சற்று மிகுந்த மின்னோட்டமே. இன்று வெந்நீர்க் கருவி 2000 வாட்டும், குளிரூட்டும் கருவி 1500 வாட்டும், இஸ்திரிப் பெட்டி 1000 வாட்டும் கொள்கின்றன. இம்மூன்றும் ஒருங்கே இயங்கின் மின்னோட்டம் ஏறக்குறைய 20 ஆம்பியர் ஆகும். அஃதாவது முன்னதினும் 9 மடங்கு. கம்பியிற் பிறக்கும் வெப்பமும் 9 மடங்குதானே என்று நினைத்தல் கூடாது. மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வெப்பம் பெருகும் என்பதை ஜேம்ஸ் ஜூல் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1841ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்விதிப்படி அதே கம்பியில் ஏறக்குறைய 80 மடங்கு வெப்பம் தோன்றும். முன்னரே உலர்ந்து வெடித்த ரப்பர் இதனை எங்ஙனம் தாங்கும்?

இவ்வாபத்தைத் தடுத்தற்கு அமைந்த காவலனே பியூஸ் கம்பி. அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் ஓடின், அது தான் உருகி அறுந்து வீட்டைக் காக்கும். அது அடிக்கடி அறுகின்றதெனின், நம்மை எச்சரிக்கின்றது என்று கொள்ளல் வேண்டும். நாமோ அதனைத் தொல்லை என்று கருதுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் என் பாட்டனார் வீட்டில் ஒரு திருமணத்தின்போது பியூஸ் மும்முறை போயிற்று. உறவினர் ஒருவர் செப்பு இழைகள் பலவற்றை முறுக்கித் திரட்டி அவ்விடத்தில் வைத்துக் கட்டினார். அதன்பின் விளக்கு அணையவில்லை. யாவரும் அவரைப் பாராட்டினோம். இரவு பந்தி முடியும் வேளையில் மச்சுப்படியருகே ரப்பர் கருகும் நாற்றம் எழுந்தது. என் மாமா ஓடிச்சென்று மெயின் சுவிட்சை அணைத்தார். மூன்றடி நீளத்திற்குத் தேக்கஞ்சட்டம் கரியாகியிருந்தது. அச்சட்டத்தின் கீழேதான் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தனர்.

மறுநாள் வந்த மின்பணியாளர் வீடு முழுவதும் சோதித்தபோது மற்றொன்றும் வெளிப்பட்டது. அடுக்களையிலிருந்த குளிர்பெட்டியைத் தொடும்போதெல்லாம் என் பாட்டியார்க்குக் கை சுரீரென்று இருக்குமாம். வயது முதிர்ந்ததனால் நரம்பு தளர்ந்தது என்று கருதி, அதனை அவர் ஒருவரிடமும் சொல்லாது பல மாதம் பொறுத்திருந்தார். பழைய இருதுளைப் பிளக்கில் அப்பெட்டி இணைக்கப்பட்டிருந்தமையால் அதற்கு எர்த் கம்பியே இல்லை. எர்த் என்பது, கருவியின் உலோக உடலிற் கசியும் மின்சாரத்தை நிலத்திற்குக் கடத்திவிடும் வழியாகும். அவ்வழி இல்லாதவிடத்து, தொடுபவர் உடலே வழியாகின்றது. ஈரக்கையும் வெறுங்காலும் சேரின் உயிருக்கே இறுதி நேரலாம்.

பழைய அமைப்புகள் பலவற்றில் மின்னோட்டம் வரும் கம்பிக்கும், அது திரும்பும் கம்பிக்கும் தனித்தனியே பியூஸ் வைத்திருப்பர். திரும்பும் கம்பியிலுள்ள பியூஸ் மட்டும் அறுந்தால் விளக்கு அணைந்துவிடும். ஆயினும் மற்றைக் கம்பியில் மின்சாரம் குறையாது நிற்கும். விளக்கு எரியவில்லை, ஆதலின் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கைவைப்பவர் பெரிதும் ஏமாறுவர்.

இனிச் செய்யத்தக்கன யாவை என்பதைக் காண்போம். சுவிட்சு சூடாதல், கருகல் நாற்றம், விளக்கு மங்கி மின்னுதல், பியூஸ் அடிக்கடி போதல், உலோகப் பகுதியைத் தொட்டால் கை சுரீரெனல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினும், அக்கருவியையோ மெயின் சுவிட்சையோ அணைத்துவிட்டு உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்தல் வேண்டும். அவர் 500 வோல்ட்டு செலுத்தி உறையின் தடையை அளந்து காண்பார். அது 1 மெகோமிற்குக் குறைதலாகாது. குறையின் கம்பிகளை மாற்றுதலே தக்கது. வெந்நீர்க் கருவிக்கும் குளிரூட்டும் கருவிக்கும் தனித்தனிக் கம்பி இழுத்து, பிளக்குகள் யாவற்றிற்கும் எர்த் அமைத்தல் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம் கசிந்தால் நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும் கருவியொன்றும் இக்காலத்தில் உண்டு. ஒரு 60 வாட்டு விளக்கு கொள்ளும் மின்னோட்டத்தில் அஃது ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கேயாம். ஆயினும் மிகுசுமையை அக்கருவி தடுக்காது. அதற்கெனத் தானியங்கும் தனிச் சுவிட்சு வேண்டும். இவ்விரண்டையும் பொருத்திவிட்டுப் பழைய கம்பிகளை அப்படியே விட்டுவிடுதலும் முழுக் காவலாகாது.

கம்பிகளை மாற்றுதற்குப் பணம் வேண்டும் என்பது மெய்யே. புதிதாய் ஒரு கருவி வாங்கும்போது கணக்குப் பார்க்காத நாம், அதனைத் தாங்கும் கம்பிக்கு மட்டும் கணக்குப் பார்க்கின்றோம். என் பாட்டனார் வீட்டில் இப்பொழுது கம்பிகள் யாவும் புதியன. தேக்கஞ்சட்டங்களைக் கழற்றியபோது, தாம் மணமாகி வந்த நாள்முதற் கண்டவை ஆயிற்றே என்று பாட்டியார் வருந்தினார். அவற்றுள் நல்லன சிலவற்றைக் கொண்டு தச்சர் ஒரு சிறு மணை செய்து கொடுத்தார். பாட்டியார் அதிலமர்ந்து காய் நறுக்குகின்றார். குளிர்பெட்டியை அச்சமின்றித் திறக்கின்றார். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்கள், தத்தம் வீட்டுப் பியூஸ் கட்டையை மெயினை அணைத்தபின் ஒருமுறை கழற்றி நோக்குவாராக. வீட்டு முதியோரிடம், எதைத் தொட்டாலேனும் கை சுரீரென்கிறதா என்றும் கேட்பாராக.