அம்மாவின் சேலையில் ஆறு பைகள்!

ரவிக்கை தைத்துக் கொடுத்தால் 'கை பிடிக்குது', 'கழுத்து இறங்கிடுச்சு' என்று ஆளாளுக்கு ஒரு குறை சொல்வார்கள். ஒரு துணிப்பை தைத்துக் கொடுத்துப் பாருங்கள், யாரும் குறையே சொல்ல மாட்டார்கள்! எல்லாம் நேர்த் தையல்தான். மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தால், சாயங்காலக் காபி போடுவதற்குள் ஒரு பை தயாராகிவிடும். தையலில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் தருவது வேறு எதுவுமில்லை.

பழைய சேலையைப் போட்டுப் பாத்திரம் வாங்குவது நமக்குத் தெரிந்த வழக்கம்தான். ஆனால் எல்லாச் சேலையையும் அப்படிப் போட மனசு வருமா? அம்மா காலமான பிறகு, அவர் ஆசையாக உடுத்திய சுங்குடிச் சேலை ஒன்று பெட்டியிலேயே கிடந்தது. நைந்துவிட்டதால் உடுத்தவும் முடியாது. யாருக்கும் தூக்கிக் கொடுக்கவும் மனம் ஒப்பவில்லை. பை தைக்கலாம் என்று தோன்றியது. ஆனால் கத்தரிக்கோலை வைக்கத்தான் கை வரவில்லை. "பெட்டிக்குள்ள கிடந்து பூச்சி அரிக்கிறதுக்கு, நாலு பேர் கையில இருக்கட்டும்மா" என்று அப்பா சொன்ன பிறகுதான் வெட்டினேன்.

தைக்கும் முறை சுலபம். ஐந்தரை மீட்டர் சேலையில், நைந்த இடங்களை ஒதுக்கிவிட்டு, 15 அங்குல அகலம், 36 அங்குல நீளத்தில் 12 துண்டுகள் வெட்டிக் கொள்ளுங்கள். பழந்துணி என்பதால் இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்தால்தான் பாரம் தாங்கும். ஆக, ஆறு பை. கைப்பிடிக்கு 20 அங்குல நீளம், 4 அங்குல அகலத்தில் 12 பட்டைகள் வேண்டும். பட்டையை நாலாக மடித்து ஒரு அங்குலப் பட்டையாக்கித் தையுங்கள்.

பெரிய துண்டை நீளவாக்கில் பாதியாக மடித்து, முதலில் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி இரண்டு ஓரங்களையும் கால் அங்குலம் விட்டுத் தையுங்கள். பிறகு உள்பக்கமாகத் திருப்பி, அதே ஓரங்களை மறுபடி ஒரு தையல் போடுங்கள். பிசிறு உள்ளே மறைந்துவிடும். துவைத்தாலும் நூல் பிரியாது. வாய்ப்பகுதியை ஒரு அங்குலம் மடித்து அடித்த பின், கைப்பிடியின் நுனிகளைச் சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போல இரண்டு தையல் போட்டால் போதும். மெஷின் இல்லாதவர்கள் இரட்டை நூலில் பின்தையல் போடலாம்.

அப்பா, அக்கா, அண்ணி, தம்பி மனைவி ஆகியோருக்கு ஆளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஆறாவது, அம்மாவோடு தினமும் கோயிலுக்குப் போய் வந்த எதிர்வீட்டுப் பாட்டிக்கு. பையைக் கையில் வாங்கியதும், "இது அவ தீபாவளிக்கு எடுத்த சேலையாச்சேடி!" என்று தடவித் தடவிப் பார்த்தார். அப்பா ரேஷன் கடைக்கு இப்போது அந்தப் பையைத் தவிர வேறு எதையும் எடுத்துப் போவதில்லை.

ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு வந்தால் 'பட்டிக்காடு' என்று சிரித்தார்கள். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். சில கடைகளில் துணி போலவே தோன்றும் மொரமொரப்பான பை தருகிறார்கள். அதில் பெரும்பாலானவை பருத்தி அல்ல, பிளாஸ்டிக் இழைதான்!

அதனால் சகோதரிகளே, உங்கள் பெட்டியிலும் கட்டவும் முடியாமல் கழிக்கவும் முடியாமல் ஒரு சேலை இருக்கும். இந்த வாரமே அதை வெளியே எடுங்களேன்!