சக்கரத்தின் கீழ் – 17: காலாவதியாகும் பிரேக் ஆயில்

பிக்கப் வண்டியின் பிரேக் ஆயில் ஓட்டத்தால் தேய்வதைவிடக் காலத்தால் கெடுவதே அதிகம். என்ஜின் ஆயிலுக்குப் பார்க்கும் கிலோமீட்டர்க் கணக்கை இதற்கும் பார்ப்பதில்தான் பிழை தொடங்குகிறது. ஆறு மாதம் ஷெட்டை விட்டு வெளியே வராத வண்டியிலும் அது பழசாகிக்கொண்டுதான் இருக்கும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டு, சிலர் மூன்று ஆண்டு என்று கெடு வைப்பதும், கிலோமீட்டர் எல்லை ஒன்றைச் சேர்த்துச் சொன்னாலும் எது முந்துகிறதோ அதையே கொள்ளச் சொல்வதும் இதனால்தான்.

பெடலில் கால் கொடுக்கும் அழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுசேர்ப்பது இந்தத் திரவத்தின் வேலை. திரவம் நசுங்காது என்பதால் அது நடக்கிறது. அமெரிக்காவின் டூசன்பெர்க் கார் 1921-இல் நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக்குடன் வந்தது. ஆரம்ப காலத்துப் பிரேக் குழாய்களில் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த திரவங்கள் இருந்தன. இன்றைய பிக்கப்புகளில் இருப்பது கிளைக்கால் ஈதர் வகை. கடையில் ஆயில் என்று கேட்டு வாங்கினாலும் அதில் எண்ணெய்ப் பசை கிடையாது. தண்ணீரோடு முழுவதும் கலந்துவிடும்.

அந்தக் குணமே அதன் பலமும் பலவீனமும். காற்றிலுள்ள ஈரம் ரப்பர் ஹோஸ்களின் ஊடாகவும், ஆயில் டப்பா மூடியின் காற்றுத் துளை வழியாகவும் சிறிது சிறிதாக உள்ளே வரும். அதைத் திரவம் உறிஞ்சித் தன்னோடு கரைத்துக்கொள்கிறது. கரைக்காமல் விட்டால் தண்ணீர் தனித் துளியாகக் கேலிப்பரின் அடியில் தங்கி, அங்கேயே துருவை உண்டாக்கி, 100 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆகவே ஈரத்தை இழுப்பது வடிவமைப்பின் கோளாறு அல்ல. ஆனால் கரைந்த ஒவ்வொரு பங்கு நீரும் திரவத்தின் கொதிநிலையைக் கீழே இழுக்கிறது.

எவ்வளவு இழுக்கிறது என்பதற்கு டாட் தர எண்களே கணக்கு. டாட் 3 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4-க்கு இவை 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் விளம்பரமாவது முதல் எண். வண்டிக்குள் போய் இரண்டு மழைக்காலம் கண்ட திரவம் நெருங்கிக்கொண்டிருப்பது இரண்டாம் எண்ணை.

140 டிகிரி போதாதா என்ற கேள்விக்கு நீலகிரிச் சாலை பதில் சொல்லும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் அதைவிட ஏறக்குறைய 1,900 மீட்டர் கீழே. கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி, மொத்தம் இரண்டே முக்கால் டன் எடையோடு இறங்கும் பிக்கப், அந்த இறக்கத்தில் ஏறத்தாழ 50 மெகாஜூல் ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். 20 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்கப் போதுமான வெப்பம் அது. இரண்டாம் கியரில் இறங்கினால் என்ஜினும், ஓரளவு காற்றும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டினால் கிட்டத்தட்ட எல்லாமே டிஸ்க்கிலும் டிரம்மிலும் இறங்கும். டிஸ்க்கின் சூடு பேடு வழியாகக் கேலிப்பர் பிஸ்டனுக்குப் போகிறது. பிஸ்டனுக்குப் பின்னால் இருப்பது பிரேக் ஆயில்.

அங்கே திரவம் கொதித்தால் நீராவிக் குமிழ்கள் உண்டாகும். நீராவி நசுங்கும். மிதிக்கும் பெடல் குமிழைத்தான் அழுத்துகிறது, பேடை அல்ல; கால் தரை வரை போனாலும் வண்டி நிற்காது. பேடு சூடேறிப் பிடிப்பு இழப்பது வேறு கோளாறு: அப்போது பெடல் கெட்டியாகவே இருக்கும், மிதித்தும் வேகம் குறையாது. திரவம் கொதித்தால் பெடலே பஞ்சாகி இறங்கும். இந்த வேறுபாடு தெரியாமல் பேடை மட்டும் மாற்றிக்கொண்டு அடுத்த லோடுக்குக் கிளம்பும் வண்டிகள் உண்டு.

கொதிப்பு எப்போதும் இறக்கத்தின் நடுவில்தான் வரும் என்றில்லை. ஓடும்போது டிஸ்க்கைக் காற்று ஆற்றிக்கொண்டிருக்கிறது. டீக்கடையில் ஓரங்கட்டிய பிறகு காற்றோட்டம் நின்று, உலோகத்தில் தேங்கிய சூடு நிதானமாகக் கேலிப்பருக்குள் ஏறும். பத்து நிமிடம் கழித்து எடுத்த வண்டியில் முதல் மிதியே உள்ளே போவது இதனால். அடிவாரத்தில் ஆறியதும் நீராவி மறுபடி நீராகிக் கரைந்துவிடும், பெடல் பழையபடி நிற்கும், பட்டறையில் சோதித்தால் ஒரு குறையும் தெரியாது. மலையில் ஒருமுறை பெடல் இறங்கியது என்று டிரைவர் சொன்னால், சோதனையில் எதுவும் அகப்படாவிட்டாலும் ஆயிலை மாற்றிவிடுவதுதான் முறை.

சமவெளியிலேயே ஓடும் வண்டிக்கு வேறொரு காரணம் இருக்கிறது. திரவத்தில் துருவைத் தடுக்கும் சேர்மங்கள் கலக்கப்பட்டிருக்கின்றன. அவை காலப்போக்கில் தீர்ந்துபோகும். பிறகு இரும்புக் குழாயின் உட்பக்கப் பற்றவைப்பிலுள்ள செம்பு கரையத் தொடங்குகிறது. செம்பின் அளவு பத்து லட்சத்தில் 200 பங்கைத் தாண்டினால் திரவத்தை மாற்ற வேண்டும் என்பது சோதனைப் பட்டைகளில் வழங்கும் அளவுகோல். வீல் சிலிண்டர் அரிப்பதும், பிஸ்டன் இறுகிப் பிரேக் ஒரு பக்கம் இழுப்பதும் அடுத்த கட்டம். ஏபிஎஸ் உள்ள பிக்கப்பில் செலவு இன்னும் கூடும். அதன் வால்வுகளின் நுண்ணிய வழிகளைத் துருத்தூள் அடைத்தால் யூனிட்டையே மாற்ற நேரிடலாம். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் ஒரு லிட்டர் ஆயிலின் விலை ஒன்றுமில்லை.

ஆயில் குறைந்தால் கொஞ்சம் ஊற்றிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை பரவலானது. என்ஜின் ஆயிலைப் போலப் பிரேக் ஆயில் சுற்றி ஓடுவதில்லை. அழுத்தத்தில் சிறிது முன்னும் பின்னும் அசைவதோடு சரி. மேலே டப்பாவில் ஊற்றிய புதுத் திரவம் கேலிப்பரை எட்டிப் பார்ப்பதே இல்லை. டப்பாவில் மட்டம் இறங்கியது பெரும்பாலும் பேடு தேய்ந்ததற்கான அடையாளம், இல்லாவிட்டால் கசிவு. காரணம் பார்க்காமல் ஊற்றுவது அந்த எச்சரிக்கையை மறைத்துவிடும். நிறமும் முழு உண்மை சொல்லாது. கறுத்த திரவம் பழையது என்று கொள்ளலாம்; தெளிவாக இருப்பது நல்லது என்று கொள்ள முடியாது. ஈரம் காட்டும் பேனா போன்ற கருவி மலிவாகக் கிடைத்தாலும் அது டப்பாவிலுள்ள திரவத்தை மட்டுமே சோதிக்கிறது.

மாற்றும் வேலைக்கு இரண்டு பேர் தேவை. முதலில் டப்பாவிலுள்ள பழையதைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதியதை நிரப்ப வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்திலுள்ள நிப்பிளைத் திறந்து பழையதைத் தெளிவான குழாய் வழியே பாட்டிலில் விட்டு மூடுகிறார். நிப்பிள் மூடிய பிறகே கால் எடுக்க வேண்டும், முந்தினால் காற்று உள்ளே போகும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். நம் வண்டிகளில் அது பின் இடப்பக்கம். ஏபிஎஸ் வண்டிகளில் வரிசை மாறலாம் என்பதால் கையேட்டைப் பார்ப்பது உத்தமம். வேலை முடியும்வரை டப்பா காலியாகக் கூடாது.

பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிப்பது ஆபத்து. மாஸ்டர் சிலிண்டரின் வாஷர்கள் அன்றாடம் எட்டாத உட்பகுதியில் துரு படிந்திருக்கும். அதில் உரசினால் கிழியும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது அனுபவமுள்ள மெக்கானிக்குகளின் பழக்கம். பிக்கப்புக்கே உரிய சிக்கல் இன்னொன்று. பல மாடல்களில் பின் ஆக்சிலோடு நெம்புகோலால் இணைந்த ஒரு வால்வு உண்டு. லோடு ஏறிப் பின்பக்கம் அமுங்கினால் அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். ஜாக்கியில் தூக்கி ஆக்சில் தொங்கும்போது வண்டி காலி என்று கணக்கிட்டு வழியைக் குறுக்கிவிடும். பின்பக்கம் காற்று முழுதாக வராமல் வேலை இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சக்கரம் தரையில் நிற்க வேலை செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

எந்தத் திரவம் என்பது டப்பா மூடியிலேயே பொறித்திருக்கும். டாட் 3 கேட்கும் வண்டிக்குப் பொதுவாக டாட் 4 ஊற்றலாம்; டாட் 4 கேட்கும் வண்டிக்கு டாட் 3 ஊற்றுவது கூடாது. டாட் 5 என்பது சிலிக்கோன். பெயர் நெருங்கியிருந்தாலும் 5.1-க்கும் அதற்கும் உறவில்லை, மற்றவற்றோடு கலக்கவும் கூடாது. அவசரத்துக்குப் பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ என்ஜின் ஆயிலையோ ஊற்றினால் ரப்பர்கள் ஊதி, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஹோஸ் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். திறந்து மாதக்கணக்கில் வைத்த கேனும் ஆகாது. அதுவும் ஈரம் குடித்திருக்கும்.

வழக்கமான கெடு இரண்டு ஆண்டு என்றால், கல்லட்டி, கொல்லிமலை, வால்பாறைச் சாலைகளில் வாரந்தோறும் லோடு இறக்கும் வண்டிக்கு ஓராண்டு. கடலோரத்தில் ஓடும் வண்டிக்கும் அதையே கொள்ளலாம். கேலிப்பரோ வீல் சிலிண்டரோ கழற்றும் வேலை வந்தால் கெடுவுக்குக் காத்திராமல் அப்போதே மாற்றலாம், எப்படியும் காற்று எடுத்தாக வேண்டும். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள மாடல்களில் அதற்கும் இதே திரவம்தான்; பெரும்பாலும் மறக்கப்படுவதும் அதுதான். வேலையின்போது பெயின்டில் சிந்தியதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், தாமதித்தால் பெயின்ட் உரிந்துவிடும். வடித்த பழைய திரவத்தைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடிய கேனில் வைத்து, கழிவு வாங்கும் பட்டறையில் சேர்க்க வேண்டும்.

(தொடரும்)