கழுத்துக்குழாயின் சுவர்ப்படிவும் அதன் புண்படலும்

மூளைக்குக் குருதி ஏற்றும் பெருங்குழாய்கள் நான்கு. அவற்றுள் இரண்டு கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே பின்புறமாக ஏறுவன. மற்றை இரண்டும் குரல்வளையின் இருமருங்கிலும் முன்புறமாக ஏறுவன. முன்புறக் குழாய்களைப் பாடநூல்கள் கரோட்டிடு தமனி என்கின்றன. இக்கட்டுரை அவற்றைக் கழுத்துக்குழாய் என்றே வழங்கும். குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்புக்கு நேராக ஒவ்வொரு கழுத்துக்குழாயும் இரு கிளையாகப் பிரிகிறது. முகத்துக்கும் தலைத்தோலுக்கும் செல்வது புறக்கிளை. கண்ணுக்கும் மூளைக்கும் செல்வது அகக்கிளை. அகக்கிளை தொடங்கும் இடம் சற்றே புடைத்திருக்கும். விரல் நுனியால் மூடிவிடத்தக்க அச்சிறு புடைப்பில் தோன்றும் நோயே மூளைத்தாக்கின், ஊரார் சொல்லில் பக்கவாதத்தின், தலையாய ஊற்றுகளுள் ஒன்று.

குழாய்ச்சுவரின் உட்படலத்துக்கு அடியில் கொழுப்பும் அழற்சி அணுக்களும் நார்த்திசுவும் திரண்டு உண்டாகும் தடிப்பினைச் சுவர்ப்படிவு என்போம். குழாயின் உட்பரப்பில் வந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு என்று இதனைப் பலரும் எண்ணுவர், அது பிழை. படிவு சுவருக்குள்ளேயே பிறந்து, சுவரின் பகுதியாகவே வளர்வது. முதிர்ந்த படிவின் நடுவில், மாண்ட அணுக்களும் கொலசுட்ராலும் குழைந்து கிடக்கும் கொழுப்புக்கரு இருக்கும். அக்கருவுக்கும் ஓடும் குருதிக்கும் இடையே நாரிழைகளால் நெய்த நார்மூடி இருக்கும். ஆங்காங்கே சுண்ணம் இறுகியிருக்கும். படிவை ஊட்டுவதற்கென முளைத்த மெல்லிய நுண்குழாய்கள் கசிந்து, படிவுக்குள்ளேயே குருதி தேங்கியிருத்தலும் உண்டு. அதனை உட்கசிவு என்க. நார்மூடி கிழிந்து, கருவின் பொருள் குருதியோட்டத்தில் கலந்து, கிழிந்த இடம் குழியாக எஞ்சுவதே புண்படல். அளவைக்கென ஒரு வரையறை வேண்டுமாதலின், படத்தில் ஒரு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் ஆழ்ந்த குழியைப் புண் எனக் கொள்வது பெருவழக்கு. அக்குழியில் உறையும் குருதிக்கட்டி துணுக்குகளாகப் பெயர்ந்து மேலேறி மூளையின் சிறுகிளைகளை அடைக்கிறது. ஆகவே கழுத்தில் தோன்றும் நோய் பெரும்பாலும் அங்கே குழாயை முற்றாக அடைத்துக் கொல்வதில்லை. துணுக்குகளை அனுப்பிக் கொல்கிறது.

படிவுகளை வகைப்படுத்தும் முறையை அமெரிக்க இதயக் கழகத்தின் குழு 1995-இல் வகுத்தது. தொடக்கநிலைக் கொழுப்புக்கீற்று முதல் நார்மிகு படிவு வரை எட்டு வகைகள் அதிலுள்ளன. புண்ணோ உட்கசிவோ குருதிக்கட்டியோ உடைய சிக்கற்படிவு ஆறாம் வகை. அறுத்தெடுத்த திசுவை நுண்ணோக்கியில் கண்டு வகுத்த இம்முறையை, 2002-இல் ஓர் ஆய்வுக்குழு காந்த உருவரைவுக்கு ஏற்பத் திருத்தி அமைத்தது. திசுவை வெட்டாமலே வகைசொல்லும் வழி அதனால் திறந்தது.

படிவு ஏன் கிளை பிரியும் இடத்தை நாடுகிறது என்பதைக் கல்லணையில் நின்று பார்த்தவர்க்கு விளக்குதல் எளிது. காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் எனப் பிரிவுறும் இடத்தில், ஓட்டம் தளர்ந்து சுழலும் பக்கத்தில் வண்டல் இறங்குகிறது; கழுத்துக்குழாயின் புடைப்பிலும் ஓட்டம் தளர்ந்து முன்னும் பின்னும் அலையும் புறச்சுவரிலேதான் படிவு தொடங்குகிறது. ஆயினும் வண்டல் இறங்கும் இடமும் கரை உடையும் இடமும் ஒன்றல்ல. கரை உடைவது நீர் நேர்நின்று மோதும் பக்கத்தில். படிவு வளர்ந்து ஓட்டத்துள் துருத்தியபின், எதிர்கொள்ளும் மேலோட்டத் தோளில் உராய்வு மிகுகிறது. புண்களுள் மிகுதியானவை அத்தோளிலேயே காணப்படுகின்றன. வெள்ள நாளில் கரை காக்கும் படுகை ஊரார் நீர்மட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. கரை மணற்பாங்கா, களியா, நண்டு வளை உண்டா, புறச்சரிவின் அடியில் கசிவு தெரிகிறதா என்று விளக்கேந்தித் தேடுவர். கழுத்துக்குழாய் மருத்துவம் அந்தத் தேடலுக்கு வந்துசேர அரை நூற்றாண்டு ஆயிற்று.

அந்த அரை நூற்றாண்டும் அகலத்தை அளப்பதிலேயே கழிந்தது. படிவை அறுவையால் அகற்றும் முறை 1953, 1954 ஆண்டுகளில் டிபேக்கி, ஈசுட்காட் ஆகியோர் கைகளில் உருப்பெற்றது. அவ்வறுவை எவர்க்குப் பயன் தரும் என்பதை 1991-இல் வெளிவந்த வட அமெரிக்கப் பேராய்வு நிறுவியது: மூளைத்தாக்கின் அறிகுறி கண்டு, உள்வழி 70 முதல் 99 விழுக்காடு குறுகியவர்களில், மருந்து மட்டும் பெற்றோருள் 26 விழுக்காட்டினர்க்கு ஈராண்டில் அப்பக்க மூளைத்தாக்கு நேர்ந்தது, அறுவை பெற்றோரில் அது 9 விழுக்காடு. அன்றுதொட்டுக் குறுக்க அளவே மருத்துவத்தின் அளவுகோலாயிற்று. ஆனால் அதே பேராய்வின் படங்களை 1994-இல் மீண்டும் ஆய்ந்தபோது வேறோர் உண்மை தெரிந்தது. மருந்து மட்டும் பெற்றோருள் புண்ணற்ற படிவுடையவர்க்குக் குறுக்கம் எவ்வளவாயினும் ஈராண்டு இடர் 21 விழுக்காட்டளவில் நின்றது. புண்ணுற்ற படிவுடையவர்க்கோ, குறுக்கம் 75-இலிருந்து 95 விழுக்காடாக ஏற ஏற, இடர் 26-இலிருந்து 73 விழுக்காடாக ஏறியது. குறுக்கத்தை மட்டும் எண்ணி இடரைக் கணித்தவர்கள் ஒரு பாதியை விட்டுவிட்டார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்கள் இல்லை என்பது என் எண்ணம்.

புண் வந்தபின் அதனைக் காண்பது ஒன்று. புண் வரப்போகும் படிவை முன்னறிவது மற்றொன்று. பின்னதற்குப் படிவின் ஆக்கம் தெரிய வேண்டும். அதனைத் தெரிவிப்பதில் தலைநிற்பது, மக்கள் எம்.ஆர்.ஐ. என்று சொல்லும் காந்த ஒத்ததிர்வு உருவரைவு. இதன் அடிப்படை நீரின் அணுக்கருவில் உள்ளது. ஐதரசன் எனப்படும் நீரகத்தின் கரு ஒரு நேர்மின்னி. வலிய காந்தப்புலத்தில் அது தலையாட்டம் போலச் சுழலும். 3 தெசுலா புலத்தில் அச்சுழற்சி நொடிக்கு ஏறத்தாழ 12 கோடியே 77 இலட்சம் முறை. அதே அலைவெண்ணில் வானொலி அலையைச் செலுத்தினால் கருக்கள் நிலைசாய்கின்றன; அலையை நிறுத்தினால் தம் நிலைக்கு மீள்கின்றன. மீளும் கால அளவை மீள்நேரம் என்றும், ஒத்திசைந்து சுழன்றவை இசைவு குலையும் கால அளவைக் குலைநேரம் என்றும் கூறலாம். ஒவ்வொரு திசுவுக்கும் இவ்விரண்டும் வெவ்வேறு. எனவே மீள்நேரத்தை மிகுத்துக் காட்டும் படம் ஒன்று, குலைநேரத்தை மிகுத்துக் காட்டும் படம் ஒன்று, ஓடும் குருதியை ஒளிரச்செய்யும் படம் ஒன்று, அதனை இருளச்செய்து சுவரைத் துலக்கும் கருங்குருதிப் படம் ஒன்று என ஒரே வெட்டைப் பலவாறு எடுத்து அடுக்கிப் பார்க்கிறார்கள்.

அடுக்கிப் பார்க்கையில் ஒவ்வொரு பொருளும் தன் முகவரியைத் தானே சொல்கிறது. சுண்ணத்தில் நீரகம் அரிது. அது எல்லாப் படங்களிலும் இருண்டே தோன்றும். உட்கசிவில் தேங்கிய குருதியின் செந்நிறப்பொருள் சிதைந்து, மீள்நேரத்தைக் குறுக்கும் வேறொரு பொருளாக மாறுவதால், மீள்நேரப் படத்தில் அது பளிச்சென ஒளிரும். அவ்வொளி பல திங்கள் நீடிப்பதும் உண்டு. கடோலினியம் கலந்த மருந்தைச் செலுத்தினால் நார்த்திசு அதனை ஏற்று ஒளிர, நுண்குழாய்கள் இல்லாத கொழுப்புக்கரு ஏற்காமல் மங்கி நிற்கும். ஒளிரும் குருதிக்கும் மங்கிய கருவுக்கும் நடுவே செல்லும் வரையே நார்மூடி. இக்கூற்றுகள் வெறும் உய்த்துணர்வு அல்ல. அறுவைக்கு முன் படமெடுத்து, அறுவையில் முழுதாக எடுத்த படிவை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி, படத்தின் ஒவ்வொரு வெட்டையும் அதற்குரிய சீவலோடு ஒப்பிட்டே இவை நிலைநாட்டப்பட்டன. ஓர் உறுப்பின் உட்கூற்றைப் படத்தில் படித்துவிட்டு, மறுநாளே அதனைக் கையிலெடுத்துச் சரிபார்க்கும் வாய்ப்பு மருத்துவத்தில் அரிது.

ஆனால் இம்முறைக்கும் ஒரு கடிய எல்லை உண்டு. ஆக்சுபோர்டில் அறுவைப் படிவுகளை அளந்தவர்கள், மூடியின் மிக மெல்லிய இடம் 0.2 மில்லிமீட்டருக்குக் குறைவதே கிழிவோடு ஒத்துவருவதாகக் கண்டனர். உருவரைவின் ஒரு படப்புள்ளியோ அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. அதாவது கிழியப்போகும் மூடியை நேராக அளக்க இயலாது. அதன் இன்மையையோ அதன் அடியிலுள்ள கருவின் பருமையையோ கொண்டே உய்த்துணர வேண்டும். இங்கேதான் ஆக்கத்தை அளப்பதன் மதிப்பு விளங்குகிறது. சியாட்டிலில் உள்ள வாசிங்டன் பல்கலைக்கழகக் குழு, அறிகுறியற்று 50 முதல் 79 விழுக்காடு குறுக்கம் உடையோரை மூன்றாண்டு இடைவெளியில் இருமுறை உருவரைந்து, புதிதாகப் பரப்புச் சிதைவு தோன்றிய படிவுகளை ஆய்ந்து 2010-இல் வெளியிட்டது. தொடக்கப் படத்தில் சுவரில் கொழுப்புக்கரு கொண்டிருந்த பங்கே சிதைவை வலிமையாக முன்னறிவித்தது. அதே குழு 2006-இல் 154 பேரை ஏறத்தாழ 38 திங்கள் தொடர்ந்து கண்டபோது 12 பேர்க்கு மூளைத்தாக்கோ அதன் முன்னறிகுறியோ நேர்ந்தது. உட்கசிவு உடையோர்க்கு அவ்விடர் ஐந்து மடங்குக்கும் சற்று மேல். கரு பெருத்தால் மூடியின்மேல் இழுவிசை மிகுகிறது. உட்கசிவு கருவைப் பெருக்குகிறது. அழற்சி அணுக்கள் சுரக்கும் நொதிகள் மூடியின் நாரை அரிக்கின்றன. மூன்றும் ஒரே முடிவுக்கு இட்டுச்செல்கின்றன.

முன்னறிகுறி என்றோம், அவற்றுள் நம் ஊர்களில் பொருட்படுத்தப்படாதது கண்ணில் தோன்றுவது. அகக்கிளையின் முதற்பெருங்கிளை கண்ணுக்குச் செல்வதால், பெயர்ந்த துணுக்கு அங்கே சிக்கினால் ஒரு கண்ணில் திரை இறங்கியதுபோல் பார்வை மறைந்து சில நொடியிலோ நிமையத்திலோ மீளும். மீண்டுவிட்டதே என்று வயலுக்குப் போய்விடுவர். தஞ்சையில் கண்நோய்க்கும் படத்துக்கும் பழைய உறவு உண்டு: 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோசி மன்னர் நோயாளர் கண்களை வண்ணத்தில் வரைவித்து, நோய்க்குறிப்போடு சேர்த்து வைத்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. ஒப்பற்ற ஏடுகளாயினும் அவை கண்ணின் புறத்தையே காட்ட வல்லன; விழித்திரையை நோக்கும் கருவியை எல்மோல்ட்சு 1851-இல்தான் வெளியிட்டார். அக்கருவி கொண்டு விழித்திரைக் குழாய்களில் மின்னும் கொலசுட்ரால் துணுக்குகளை ஆலன்ஆர்சுட்டு 1961-இல் விளக்கி, அவை கழுத்திலிருந்து வந்தவை என்று காட்டினார். கழுத்துப்படிவின் புண்ணை முதலில் கண்டுசொல்லக் கூடியவர் கண் மருத்துவராகவும் இருக்கலாம் என்பது இதன் பொருள்.

எல்லார்க்கும் காந்த உருவரைவு வேண்டுவதில்லை. அதற்குச் செலவும் நேரமும் மிகுதி. முதற்படி மீயொலி. ஒலியை மிகுதியாக எதிரொலிக்கும் படிவு நாரும் சுண்ணமும் கொண்டது. எதிரொலி குன்றிக் கருத்துத் தோன்றுவது கொழுப்போ குருதியோ கொண்டது, ஆதலின் ஐயத்துக்குரியது. சென்னையில் நடந்த நகர மக்களாய்வு ஒன்று 2000-இல் மீயொலி கொண்டு கழுத்துக்குழாய்ச் சுவரின் உள், நடுப் படலங்களை அளந்தது: நீரிழிவு உடையோர்க்கு அத்தடிமன் சராசரி 0.95 மில்லிமீட்டர், இல்லாதோர்க்கு 0.74. நெல்விளையும் படுகையிலும் நீரிழிவு இன்று வீட்டுக்கு வீடு பழகிய நோய் என்பதால் இவ்வெண்கள் நமக்கு அயலவை அல்ல. சி.டி. எனப்படும் ஊடுகதிர் வெட்டுவரைவு சுண்ணத்தையும் புண்ணின் குழியையும் துல்லியமாகக் காட்டும். கொழுப்பையும் குருதியையும் பிரிப்பதில் அது தடுமாறும். ஆசிய மக்களுக்கு மண்டையோட்டின் உள்ளே உள்ள குழாய்களில் குறுக்கம் மேலைநாட்டாரைவிட மிகுதி என்பதையும் இங்கே மறவாதிருத்தல் வேண்டும். கழுத்து நலமாயிருப்பது மட்டும் முழு உறுதி ஆகாது.

ஆக்கத்தை அளப்பது இடரை முன்னறிய மட்டுமன்றி, மருந்தின் வினையை அறியவும் உதவுகிறது. கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாசுடாட்டின் மருந்தை ஈராண்டு கொடுத்து உருவரைந்த ஆய்வொன்று 2008-இல் வெளிவந்தது. தொடக்கத்தில் கொழுப்புக்கரு இருந்தவர்களில், சுவரில் அக்கரு கொண்டிருந்த பங்கு சராசரியாக 41 விழுக்காடு சுருங்கியது. படிவின் மொத்தப் பருமன் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. பருமனை மட்டும் அளந்திருந்தால், அந்த ஈராண்டில் மருந்து ஒன்றும் செய்யவில்லை என்றே குறிப்பெழுதி முடித்திருப்பார்கள்.