மோட்டார் வாங்குமுன் வேலை வகையைப் பாருங்கள்

மின் மோட்டார் வாங்கும்போது குதிரைத்திறனையும் விலையையும் விசாரிக்கும் நாம், பெயர்த் தகட்டில் ‘டியூட்டி’ என்பதற்கு எதிரே உள்ளதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அங்கே எஸ் 1, எஸ் 2, எஸ் 3 என்றவாறு பொறித்திருக்கும். மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட்டலாம், எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும் என்பதை இக்குறி தெரிவிக்கிறது.

மோட்டார் ஓடும்போது காயிலில் வெப்பம் உண்டாகும். எஸ் 1 வகையில், உண்டாகும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சிறிது நேரத்தில் சமமாகிவிடும். அதன்பின் எத்தனை மணி நேரம் ஓடினாலும் சூடு மேலும் ஏறாது. எஸ் 2 அத்தகையதன்று. ‘எஸ் 2, 30 நிமிடம்’ என்றிருந்தால், முழுப் பளுவில் அரை மணி ஓட்டியபின் நிறுத்தி, நன்கு ஆறிய பிறகே மீண்டும் ஓட்ட வேண்டும். எஸ் 3 விட்டு விட்டு ஓடுவதற்கானது. ‘40 சதம்’ எனில் 10 நிமிடத்தில் 4 நிமிடம் ஓட்டம், 6 நிமிடம் ஓய்வு. பளு தூக்கும் இயந்திரங்களில் இவ்வகையைக் காணலாம்.

கிணற்றுப் பம்பு மணிக்கணக்கில் ஓடுவது. அதற்கு எஸ் 1 மோட்டாரே வேண்டும். இரண்டு கறவை மாடுகளுக்குத் தீவனம் நறுக்க நாளொன்றுக்கு 20 நிமிடம் ஓட்டுபவருக்கு 30 நிமிட எஸ் 2 போதும். ஆனால் அக்கம்பக்கத்தாரும் சோளத்தட்டைக் கொண்டு வந்தால் (வராமல் இருப்பார்களா?) அது தாங்காது.

பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும் மோட்டார்களில்தான் ஏமாற்றம் மிகுதி. பளு தூக்கியிலிருந்து கழற்றிய 5 குதிரைத்திறன் எஸ் 3 மோட்டாரைப் பம்பில் பூட்டினால், அந்த 5 குதிரைத்திறனைத் தொடர்ந்து தர அதனால் இயலாது. ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலே காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். ரிலே மின்னோட்டத்தைத்தான் அறியும். காயிலின் சூட்டை அறியாது. தகட்டில் கண்ட ஆம்பியர் அளவே ஓடிக்கொண்டிருப்பதால் ரிலே விழாது. உள்ளே காயில் கருகும். காப்புப் பொருள் தாங்கும் அளவுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியசுக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும்.

எஸ் 1 மோட்டாரும் பொதுவாக 40 டிகிரி காற்று வெப்பத்துக்கே கணக்கிடப்பட்டது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வெப்பம் அதைத் தாண்டும். எனவே எதிரெதிர்ச் சுவர்களில் காற்று வழி விடவும். விசிறி மூடியின்மேல் சாக்குப் போர்த்தி ஓட்டக் கூடாது.

தகடு பெயர்க்கப்பட்ட பழைய மோட்டாரை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் பம்புக்கு வாங்க வேண்டாம். புதிய மோட்டாரில் வேலை வகை குறிக்கப்படவில்லையெனில் எஸ் 1 என்று கொள்வதே தர விதி. ஆயினும் ரசீதில் ‘தொடர் ஓட்டம், எஸ் 1’ என்று எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.