உடம்பில் கோலம் கீறிய கல்

ஜப்பானில் சாமுராய் குடும்பத்துப் பெண்கள் இடைக்கச்சையில் செருகி வைத்திருந்த 'கைக்கென்' குறுங்கத்தியை அதன் வேலைப்பாட்டுக்காகவே இன்று பலர் தேடி வாங்குகிறார்கள். அந்தமான் பழங்குடிப் பெண்ணின் கற்சில்லுக் கத்தியில் வேலைப்பாடு ஏதும் இருந்ததில்லை. வேலைப்பாடெல்லாம் அது கீறிய உடம்பில்தான்.

போர்ட் பிளேரில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எட்வர்ட் ஹோரஸ் மேன், அத்தீவுகளின் பழங்குடியினரான கிரேட் அந்தமானியரின் வாழ்க்கையை 1880களின் தொடக்கத்தில் விரிவாக எழுதி வெளியிட்டார். கல்லுடைத்துச் சில்லு எடுப்பது பெண்கள் வேலை என்று அதில் தெளிவாகக் குறித்திருக்கிறார். கற்கருவி என்றதும் ஓர் ஆணின் கையையே வரைந்து பழகிய நம் பாடப்புத்தகங்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வேண்டியவை இரண்டு வெள்ளைக் குவார்ட்ஸ் கற்கள். நம் ஊர் வெங்கச்சங்கல்தான். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணலில் கிடைக்கும் நுண்கற்கருவிகளிலும் இது உண்டு. ஒரு கல்லை நெருப்பில் சுட்டு ஆற விடுவார்கள். சூட்டில் விரிந்து, ஆறுகையில் சுருங்குவதால் கல்லுக்குள் நுண்விரிசல்கள் ஓடிவிடும். பிறகு மற்றக் கல்லால் செங்குத்தாகத் தட்டினால் சில்லுகள் தெறிக்கும். அப்பிரகம் ஏடு ஏடாகப் பிரிவதுபோல் குவார்ட்ஸ் பிரியாது, வளைந்து உடையும். அந்த உடைவின் ஓரம்தான் கூர். மோஸ் அளவில் அதன் கடினம் 7. சாதாரணக் கத்தியின் இரும்பு அவ்வளவு வராது.

விளிம்பு கூரான சில்லு முடி மழிக்க, முனை கூரானது தோலில் கீற. இரண்டையும் செய்தவர்கள் பெண்களே. தெற்கே இருந்த குழுக்களில், சிறுவயதில் தொடங்கிப் பல தவணைகளாக உடம்பில் சிறுசிறு கீறல் வரிசைகள் போடுவார்கள். சாயம் கிடையாது, ஆறிய தழும்பே கோலம். ஒரு முறை பயன்பட்ட சில்லை மறுபடி தொடுவதில்லை. யார் காலிலும் குத்திவிடாதபடி அதைக் குப்பைமேட்டில் போட்டுவிடுவார்கள். இன்றைய அறுவை அரங்கின் பிளேடும் ஒரே முறைக்குத்தான். அந்த ஒழுங்கை இங்கே காண எனக்குப் பெரும் வியப்பு.

வேண்டும்போது தட்டி எடுத்துக்கொள்ளும் கத்தி என்பதால் சுமந்து திரியத் தேவையில்லை. மற்றபடி வெட்ட, சீவ, வழிக்கச் சதுப்புநிலச் சிப்பியின் ஓடு இருந்தது.

1858இல் ஆங்கிலேயர் கைதிக் குடியிருப்பு அமைத்தபின் பாட்டில்களும் வந்து சேர்ந்தன. கண்ணாடியில் படிகக் கட்டமைப்பு இல்லாததால் அது இன்னும் சீராக உடையும், கூரும் அதிகம். பெண்கள் அதற்கு மாறினார்கள். தொல்லியலாளர் ஜரீன் கூப்பர், சாண்ட்ரா பௌட்லருடன் சேர்ந்து அந்தமான் கண்ணாடிச் சில்லுகளை ஆஸ்திரேலியப் பழங்குடியினருடையவற்றோடு ஒப்பிட்டு 1998இல் எழுதினார். இத்தகைய ஆய்வில், தானாக நொறுங்கிய பாட்டில் எது, ஒருத்தி தட்டி எடுத்த கத்தி எது என்பதை விளிம்பின் தேய்மானத்தையும் தட்டிய தடத்தையும் பார்த்தே பிரிக்க வேண்டும்.